முதல் கொக்கியில் நின்ற கதவு

காலையில் வேன் கிளம்பாவிட்டால் அந்த வீட்டில் பேட்டரியை யாரும் திட்டமாட்டார்கள். முன்னறை ஜன்னலைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த ஜன்னலுக்குப் பின்னால் அவள் நின்றுகொண்டிருப்பாள். பேட்டரிக்கு வாய் இல்லை, அவளுக்கு இருந்தது. ஆனாலும் இரண்டில் எது பதில் சொல்லாது என்பது வீட்டாருக்குத் தெரிந்திருந்தது.

அவளை ஒர்க்‌ஷாப் ஆட்கள் காயில்காரம்மா என்பார்கள். அவள் கணவன் வண்டி எலெக்ட்ரீஷியன். வண்டியைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார், பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் டைனமோ என்று கழற்றி வீட்டுக்கே கொண்டுவருவான். அவனுக்குக் கை பெரிது. மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றினால் பாதியில் அறுந்துபோகும். ஒருநாள் அவள் வாங்கிச் சுற்றினாள், அறுந்துபோகவில்லை. அன்றிலிருந்து காயில் அவள் வேலை. அடுப்பில் ஏதாவது வேகும்போது ஒரு சுற்று, மகளைத் தூங்கவைத்துவிட்டு ஒரு சுற்று. எந்தக் கம்பியில் கரண்ட் போகிறது, எதில் போகவில்லை என்று டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்க்க அவளுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள், அவ்வளவுதான்.

கணவன் ஒரு பஸ்ஸுக்கு அடியில் படுத்து ஒயர் கட்டிக்கொண்டிருந்தபோது ஜாக்கி இறங்கிவிட்டது. ஜாக்கியின் ஆயில் சீல் கிழிந்து வெகு நாளாகியிருந்தது. மாற்றச் சொல்லி அவனே பலமுறை முதலாளியிடம் கேட்டிருந்தான். துக்கம் விசாரிக்க வந்தவர்களில் ஒருவர்கூட ஜாக்கியைப் பற்றிப் பேசவில்லை. "புருஷனை முழுங்கிட்டா" என்றார்கள். முதலாளியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவருக்கு அது வசதியாகவே இருந்திருக்கும். செத்தவனின் பெண்டாட்டி மேல் பழி விழுந்துவிட்டால் புது ஜாக்கி வாங்க வேண்டியதில்லை.

அதன் பிறகு அவள் தம்பி வீட்டுக்கு வந்தாள். தம்பி பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன்காரன். மகள் பள்ளியில் கடைசி வருஷம். பள்ளி அதே தெருவின் முனையில் இருந்தது. "அவ பரீட்சை முடியிற வரைக்கும் இங்கயே இருக்கா. அப்புறம் பாத்துக்கலாம்" என்று தம்பி சொன்னான். அந்த "அப்புறம் பாத்துக்கலாம்" என்பதை அவள் பற்றிக்கொள்ளவில்லை. "பரீட்சை முடியிற வரைக்கும்" என்பதைத்தான் பிடித்துக்கொண்டாள். அதுவரை ஒரு கூரை வேண்டும். மற்றது எதுவும் வேண்டாம்.

வேன் ஷெட்டுக்குப் பக்கத்து அறை அவர்களுக்குக் கிடைத்தது. சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்ற பேச்சு வரக்கூடாதென்று அவள் வீட்டு வேலை அத்தனையையும் இழுத்துப் போட்டுக்கொண்டாள். தம்பி சீக்கிரம் திரும்பும் நாட்களில் வேனை அவனே கழுவுவான். தாமதமாக வரும் நாட்களில் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்துவிடுவான். அன்று பிள்ளைகள் சிந்தியதை, ஒட்டியதை, வாந்தி எடுத்ததையெல்லாம் கூட்டித் துடைப்பது அவள்.

சில மாதம் கழித்து வேன் மக்கர் பண்ணத் தொடங்கியது. எல்லா நாளும் இல்லை. நான்கு நாள் ஒழுங்காகக் கிளம்பும், ஐந்தாம் நாள் சாவியைத் திருகினால் "டக்" என்று ஒரு சத்தம், அதோடு சரி. டாஷ்போர்டு விளக்குகள் சோர்ந்துபோய் மினுக்கும். தம்பி ஸ்டியரிங்கைக் குத்துவான். அக்கம்பக்கத்து ஆண்கள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளிவிட வருவார்கள். தெரு முழுக்க நின்று வேடிக்கை பார்க்கும்.

"என்னப்பா, உன் வேனுக்கு டீசல் ஊத்துறியா, இல்ல தெருக்காரங்க தோள்லயே ஓட்டுறியா?" என்பார் எதிர்வீட்டுக்காரர்.

"தள்ளுங்கண்ணே, கிண்டல் அப்புறம்."

தள்ளினால் கிளம்பிவிடும். பகல் முழுக்க எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் சாவியைத் தொட்டதும் எடுக்கும். மாலையிலும் எடுக்கும். காலையில்தான் வம்பு. மெக்கானிக் செல்ஃப் மோட்டாரைக் கழற்றித் தேய்ந்த கார்பன் துண்டுகளை மாற்றினார். கிளம்பியது, பிறகு ஒருநாள் நின்றது. புது பேட்டரி போட்டார். அதுவும் கிளம்பியது, பிறகு நின்றது.

"செல்ஃப்ல ஒண்ணும் இல்லடா" என்றாள் அவள் தம்பியிடம். "செல்ஃப் போயிருந்தா பகல்லயும் இழுக்காது. டைனமோ போயிருந்தா ஒரே நாள்ல பேட்டரி படுத்துடும். வண்டி நிக்கும்போது எதுவோ பேட்டரியை உறிஞ்சுது. ராத்திரியெல்லாம் உறிஞ்சிட்டு காலையில வெறும் டப்பாவ உன் கையில குடுக்குது."

"மெக்கானிக்குக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சா? நீ உள்ள போக்கா, மொதல்ல. அவன் வந்து பாப்பான்."

தம்பி மனைவி எதையும் கூர்ந்து பார்ப்பவள். பால் பொங்குவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். வேன் எந்தெந்த நாள் நிற்கிறது என்று அவள் மனசுக்குள் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டிருந்தாள். முதலில் "காலையில ஜன்னல்ல நின்னு பாக்குறாங்க, அதான்" என்றாள். ஜன்னலுக்குத் திரை போட்டும் வேன் நின்றது. அதன் பிறகு ஒருநாள் சமையலறையில் கணவனிடம் சொன்னாள். பக்கத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவளுக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னது போலத்தான் இருந்தது.

"கண்ணு இல்லீங்க, கை. நானும் பாத்துட்டேன். உங்கக்கா வேனைக் கூட்டித் துடைச்ச மறுநாள்தான் நிக்குது. நீங்க கழுவுன மறுநாள் ஒரு தடவையாவது நின்னுச்சா? சொல்லுங்க."

தம்பி யோசித்தான்.

"சும்மா இரு" என்றான்.

"நான் சும்மாதான் இருக்கேன். வேன்தான் சும்மா இருக்குது."

அந்த வாரம் வேன் மறுபடி நின்றது. பிள்ளைகள் பரீட்சைக்குப் போக வேண்டிய நாள். பெற்றோர் வாசலிலேயே வந்து கத்தினார்கள். இன்னொரு வேனைப் பார்த்துக்கொள்கிறோம் என்று இரண்டு பேர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார்கள். அன்று மதியம் தம்பி அக்காவின் அறை வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை.

"அக்கா, தப்பா நெனைக்காத. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நீ பெரியப்பா மகன் வீட்டுக்குப் போயிடு. கொஞ்ச நாளைக்குத்தான்."

பெரியப்பா மகன் வீடு வேறு ஊரில் இருந்தது. அங்கிருந்து பள்ளிக்கு வந்து போக முடியாது. அது தம்பிக்கும் தெரியும்.

"அவ படிப்பு?"

"எனக்கு என்ன செய்யச் சொல்ற? வேன் ஓடினாத்தான சோறு."

"அப்ப வேனை ஓட வெக்கிறேன். ஒரு நாள் எங்கிட்ட விடு."

விடுமுறை நாளன்று காலையில் பார்க்கலாம் என்றான் தம்பி.

அன்று அவள் கணவனின் பழைய டெஸ்ட் லாம்பை எடுத்தாள். ஒரு சின்ன பல்பு, இரண்டு ஒயர், முனையில் கிளிப்புகள், அவ்வளவுதான் அந்தக் கருவி. வண்டியின் எல்லா விளக்கையும் அணைத்து, சாவியை உருவி, கதவுகளைச் சாத்தச் சொன்னாள். தம்பி சுற்றி வந்து ஒவ்வொரு கதவாகச் சாத்தினான். பக்கவாட்டில் தள்ளும் கதவை ஓங்கி ஒரு தள்ளு தள்ளினான், தெருவே திரும்பிப் பார்த்தது. அவள் பேட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவே டெஸ்ட் லாம்பைக் கோத்தாள். எங்கேயாவது எதுவோ பேட்டரியைக் குடித்துக்கொண்டிருந்தால் இந்த பல்பு வழியாகத்தான் குடித்தாக வேண்டும். குடித்தால் பல்பு எரியும்.

பல்பு எரியவில்லை.

கிளிப்பைத் தேய்த்துவிட்டு மறுபடி மாட்டினாள். எரியவில்லை. பல்பு போய்விட்டதோ என்று பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்துப் பார்த்தாள். பளிச்சென்று எரிந்தது. வண்டியில் கசிவே இல்லை.

படியில் நின்றிருந்த தம்பி மனைவி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். "விடுங்கண்ணி. பல்பும் நீங்க சொல்றதைக் கேக்கமாட்டேங்குது" என்று பரிவாகச் சொன்னாள்.

தன் கணக்கு எங்கே பிசகியது என்பது தெரியாமல் அன்று முழுவதும் அவளுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. கசிவு இல்லை என்றால் பேட்டரி ஏன் தீர வேண்டும்? தீர்கிறது என்றால் கசிவு ஏன் இல்லை? பிறகுதான் தம்பி மனைவி சொன்னதை எடுத்து எடைபோட்டாள். அவள் மேல் இருந்த கோபத்தில் அதுவரை அந்தப் பேச்சைத் தொடவே இல்லை. துடைத்த மறுநாள்தான் நிற்கிறது. அது பொய் இல்லை. தானே ஒவ்வொரு நாளாக நினைத்துப் பார்த்தாள், சரியாகவே இருந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்கள். ஆனால் உட்காரும் போதெல்லாம் விழுந்தால் காக்கையையும் கொஞ்சம் பார்க்கத்தான் வேண்டும்.

அடுத்து தம்பி தாமதமாக வந்த நாளில், வெளிச்சம் மங்குவதற்குள் அவள் வேனைக் கூட்டித் துடைத்தாள். எப்போதும் செய்வதை எப்போதும் போலவே செய்தாள். இருக்கைகளுக்கு அடியில் கூட்டினாள், மிதியடியைத் தட்டினாள், பக்கவாட்டுக் கதவை இழுத்துச் சாத்தினாள். பிறகு எர்த் கேபிளைக் கழற்றி டெஸ்ட் லாம்பை மாட்டினாள்.

பல்பு எரிந்தது. மங்கலாக, மஞ்சளாக, தூக்கத்தில் கண்ணைத் திறந்த மாதிரி.

அவள் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். எதைப் பிடுங்கினால் பல்பு அணைகிறதோ, அந்த வழியில்தான் திருட்டு. எல்லாவற்றையும் பிடுங்கியாயிற்று. பல்பு எரிந்துகொண்டே இருந்தது. அப்படியென்றால் ஃபியூஸைத் தொடாமல் யாரோ நேராக பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்திருக்கிறார்கள். ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போனாள். அது பக்கவாட்டுக் கதவின் படிக்கு அடியில் போய் முடிந்தது. அங்கே ஒரு சின்ன விளக்கு. பிள்ளைகள் இருட்டில் தடுக்கி விழக்கூடாதென்று தம்பியே போன மழைக்காலத்தில் மாட்டியது. கதவு திறந்தால் எரியும், மூடினால் அணையும். மேலே அப்பியிருந்த சேற்றுக்குள் அது எரிவது, குனிந்து பார்த்தால் ஒழியத் தெரியாது. வேனின் அந்தப் பக்கம் சுவரோடு ஒட்டி நின்றதால் குனிந்து பார்க்கவும் யாரும் வரமாட்டார்கள்.

கதவு மூடித்தானே இருக்கிறது?

அவள் கதவில் கை வைத்து அழுத்தினாள். "கடக்" என்றது. அந்தக் கதவுக்கு இரண்டு கொக்கி. முதல் கொக்கியில் நின்றாலே மூடியது போலிருக்கும், இழுத்தால் திறக்காது. இரண்டாவது கொக்கியில் விழுந்தால்தான் சுவிட்ச் அழுந்தும். டெஸ்ட் லாம்ப் அணைந்துவிட்டது.

தம்பி ஓங்கிச் சாத்துவான். பிள்ளைகள் உதைத்துச் சாத்துவார்கள். அந்த வீட்டில் கதவை மெல்லச் சாத்துகிறவள் அவள் ஒருத்திதான். அவள் வந்த புதிதில் ஒருமுறை பலமாகச் சாத்தியபோது தம்பி மனைவி உள்ளிருந்து, "யாரு வீட்டுக் கதவுன்னு நெனச்சு இப்படி அடிக்கிறீங்க?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவள் எந்தக் கதவையும் சத்தம் வரும்படி சாத்தியதில்லை. அண்டி வாழ்கிறவளின் கை தானாகவே மெல்லிசாகிவிடுகிறது. அந்தக் கையின் அடக்கம்தான் ஒவ்வொரு முறையும் பேட்டரியைக் கொன்றிருக்கிறது.

அறைக்குள் வந்து மகளிடம் சொன்னாள். மகள் புத்தகத்தை மூடாமலே கேட்டாள்.

"இப்ப கதவை அழுத்திட்டல்ல?"

"அழுத்திட்டேன்."

"இனிமேலும் அழுத்திச் சாத்துவல்ல?"

"ஆமா."

"அப்ப முடிஞ்சுது. யார்கிட்டயும் சொல்லாத."

"ஏன்டி?"

"அம்மா, நீ கதவை ஒழுங்காச் சாத்தலன்னு சொன்னா, அத்தை அதுல 'நீ'ங்கற வரைக்கும்தான் கேப்பாங்க."

"இல்லடி. இது கதவுன்னு தெரியணும். நான் கமுக்கமா சரிபண்ணிட்டா, வேன் ஓடும், சரி. ஆனா என் மேல இருக்கிற பேரு அப்படியேதான இருக்கும்? ஒளிச்சு வெச்சா நானே ஒத்துக்கிட்ட மாதிரி."

"பேரு இருந்துட்டுப் போகட்டும்மா. பரீட்சை முடியட்டும்."

மகள் சொன்னதுதான் புத்தி. ஆனால் அவள் கம்பிகளோடு வாழ்ந்தவள். கம்பியில் குற்றம் எங்கே என்று கண்டுபிடித்துக் காட்டிவிட்டால் அதற்கப்புறம் விவாதம் இல்லை, எவ்வளவு பிடிவாதக்கார வண்டியும் ஒத்துக்கொள்ளும். மனிதர்களும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டாள்.

மறுநாள் மாலை தம்பியையும் அவன் மனைவியையும் வேனுக்குப் பக்கத்தில் அழைத்தாள். டெஸ்ட் லாம்பை மாட்டிக் கதவை மெல்லச் சாத்திக் காட்டினாள், எரிந்தது. அழுத்திக் காட்டினாள், அணைந்தது. மறுபடி மெல்ல, மறுபடி அழுத்தி. படிக்குக் கீழே சேற்றைத் துடைத்து விளக்கையும் காட்டினாள். தம்பி குனிந்து பார்த்தான். அவன் முகத்தில் கொஞ்சம் வெட்கம் வந்தது. ஒயரை நேராக பேட்டரியில் முறுக்கியது அவன் கை. அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருப்பான். அதற்குள் அவன் மனைவி மூச்சை இழுத்துவிட்டாள்.

"பாத்தீங்களா? நான் அப்பவே சொன்னேனா இல்லையா? இவங்க கைதான்னு."

"கை இல்லம்மா, கதவு. யாரு மெல்லச் சாத்துனாலும் இப்படித்தான் ஆகும். நீ சாத்திப் பாரேன்."

"நான் எதுக்குச் சாத்தணும்? அவ்வளவு பேரு சாத்துறாங்க, உங்க கைக்கு மட்டும் ஏன் நிக்கணும் அது?"

அவள் தம்பியைப் பார்த்தாள். தம்பி விளக்கின் ஒயரைப் பிடித்து ஒரே இழுப்பில் பிடுங்கி எறிந்தான். நிமிர்ந்து கையைத் துடைத்துக்கொண்டான்.

"சரி, விளக்கும் வேணாம், ஒண்ணும் வேணாம். அக்கா, இனி நீ வேனைத் தொடாத. காலையில நான் கிளம்புற வரைக்கும் பின்கட்டுலயே இரு. ரெண்டுத்துக்கும் சேத்து ஒரு முடிவு."

"ஒயரைத்தான் பிடுங்கிட்டியே, அப்புறம் நான் எதுக்குடா பின்கட்டுல இருக்கணும்?"

"இருந்தா என்ன குறைஞ்சுடுவ?"

அதன் பிறகு வேன் ஒருநாளும் நிற்கவில்லை. எப்படி நிற்கும்? பேட்டரியை உறிஞ்சின விளக்கே இல்லையே. ஆனால் விளக்கைப் பிடுங்கிய அன்றேதான் அவளைப் பின்கட்டுக்கும் அனுப்பியிருந்தார்கள். காய்ச்சல்காரனுக்கு மருந்தையும் கொடுத்து, மந்திரமும் போட்டு, இறங்கியதும் மந்திரவாதிக்குக் கும்பிடு போடும் கூட்டம் இது. தம்பி மனைவி தெருவெல்லாம் சொன்னாள், "இப்ப பாருங்க, தொட்டவுடனே எடுக்குது."

ஒருநாள் அவள் தம்பியிடம் கேட்டாள்: "ஒரு வாரம் என்னை முன்னால நிக்க விட்டுப் பாரு. வேன் எடுக்கலன்னா நானே போயிடறேன்."

"ஓடுற வண்டியை எதுக்கு நோண்டுற?"

"நிரூபிக்கத்தான்."

"யாருக்கு நிரூபிக்கணும்? எனக்கு நம்பிக்கையெல்லாம் கிடையாதுக்கா. வீட்ல நிம்மதி வேணும், அவ்வளவுதான்."

நம்புகிறவளோடு சண்டை போடலாம். நம்பாமலே அதன்படி நடக்கிறவனை என்ன செய்வது?

மறுநாள் காலை அவள் குளித்து, தலையை வாரி, பின்கட்டிலிருந்து நேராக நடந்து வந்து வேனுக்கு எதிரே நின்றாள். கைகட்டிக்கொண்டு நின்றாள். தம்பி கண்ணாடி வழியாகப் பார்த்தான். சாவியைத் திருகினான். வேன் ஒரே உறுமலில் எடுத்தது. எதிர்வீட்டுக்காரரும் பார்த்தார், தம்பி மனைவியும் படியில் நின்று பார்த்தாள். வேன் அவளைச் சுற்றிக்கொண்டு தெருவில் இறங்கிப் போனது.

தம்பி மனைவி ஏதாவது நடக்கும் என்று அன்று பகல் முழுக்கக் காத்திருந்தாள். மாலையில் தம்பி வியர்த்து வந்தான். வழியில் ஆணி குத்தி ஒரு டயர் பஞ்சர்.

"கேட்டுக்கிட்டீங்களா!" என்றாள் தம்பி மனைவி.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. "டயரு என்னைப் பாக்கவே இல்லையேம்மா, அது கீழதான இருந்துச்சு" என்றாள். மகள் உள்ளிருந்து ஓடிவந்து அம்மாவின் தோளைப் பிடித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் அந்த வீட்டால் பொறுக்க முடியவில்லை. பஞ்சரைக்கூட மன்னித்திருப்பார்கள். வார முடிவுக்குள் போய்விடச் சொன்னான் தம்பி. எங்கே போவாள் என்று அவன் கேட்கவில்லை.

பெரியப்பா மகன் வீட்டுக்கு அவள் போகவில்லை. பள்ளியிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு மாடிப்படிக்கு அடியிலிருந்த அறையைப் பிடித்தாள். படிக்குக் கீழே என்பதால் பாதி அறையில் நிமிர்ந்து நிற்க முடியாது. நிமிரக்கூடிய பாதியை மகளின் மேசைக்குக் கொடுத்தாள். பிறகு மோட்டார் காயில் கட்டும் கடைக்குப் போனாள். கடைக்காரர் அவள் கணவனுக்குப் பழக்கம், படித்த மனிதர். கடைச் சுவரில் அறிவியல் பத்திரிகைப் படங்களை ஒட்டி வைத்திருப்பவர். ஒரு பழைய காயிலைக் கொடுத்துச் சுற்றிக் காட்டச் சொன்னார். காட்டினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிரமாதம் தங்கச்சி. நாளைக்கே வந்துடு." காயிலை மேசையில் வைத்தார். "ஒண்ணு மட்டும். காயில் மாட்டி, கஸ்டமர் முன்னால வண்டியை மொதல் தடவை ஸ்டார்ட் பண்ணுவோம்ல, அந்த நேரம் மட்டும் நீ உள்ளாற போயிடு."

"ஏண்ணே?"

"எனக்கு இதுலயெல்லாம் துளியும் நம்பிக்கை இல்ல. வர்றவங்களுக்காகத்தான் சொல்றேன்."

"நான் உள்ள போயிடறேன். நான் சுத்துன காயில் அந்த வண்டிக்குள்ளதான இருக்கும், அதை என்ன பண்ணுவீங்க?"

கடைக்காரர் கடகடவென்று சிரித்தார். நல்ல ஜோக் என்றார். ஆனால் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

மறுநாள் அவள் வேலைக்குப் போனாள். முற்பகலில் வாசலில் ஒரு வண்டி நின்றது. செல்ஃப் மோட்டாரை மாட்டி நட்டுகளை முறுக்கினார்கள். கடைக்காரர் தொண்டையைச் செருமினார். அவள் சுற்றிக்கொண்டிருந்த கம்பியின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையிலிருந்த காயிலோடு எழுந்து, உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். ஓங்கித்தான் சாத்தினாள்.